உப்புக்குப் புள்ளி போடாத அட்டவணை

1

போன மாதம் ஒரு புதன்கிழமை. இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் நான் பராமரிக்கிற கிழவிக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். கைத்தொலைபேசி கிணுங்கியது. மகள் நிவேதா அமெரிக்காவிலிருந்து ஓர் அட்டவணை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி.

"அம்மா, நாங்கள் காணி வாங்கப்போற கவுண்டியைப் பற்றி எல்லாம் இதிலை இருக்கு. நீங்கள் தோட்டம் செய்த ஆள்தானே. பாத்து ஒவ்வொண்டுக்கும் பத்துக்கு எத்தினை எண்டு போடுங்கோ."

கவுண்டி என்றால் என்னவென்று ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். நம்முடைய பிரதேச செயலர் பிரிவு மாதிரி ஒன்று, ஆனால் சனம் குறைவு. இது மிசூரி என்கிற மாநிலத்தின் வடக்கில் இருக்கிறது. சோளமும் சோயாவும் மாடும்தான் அங்கே சீவியம். அட்டவணையை எனக்கு விளங்கட்டும் என்று இத்தாலியனில் போட்டிருந்தாள். மேலே தடித்த எழுத்தில் தலைப்பு. தமிழில் சொன்னால், 'தன்னிறைவு வாழ்க்கைக்கு இடம் தெரிதல்'. கீழே நிரல் நிரலாக மழை, மண், உறைபனி இல்லாத நாட்கள், கிணற்றின் ஆழம், விறகுக் காடு, காணி வரி, வீடு கட்ட அனுமதி வேண்டுமா வேண்டாமா. கடைசி நிரல், அடுத்த வீட்டுக்கு எவ்வளவு தூரம். அந்தத் தூரம் கூடக் கூட அவள் போட்ட புள்ளியும் கூடிக்கொண்டு போயிருந்தது. தெரு முடிகிற இடத்தில் தனியாகக் கிடந்த நாற்பது ஏக்கருக்குப் பத்துக்குப் பத்து.

கத்தரிக்காய் கருகிவிட்டது. கிழவி முன்னறையிலிருந்து என்ன எரிகிறது என்று கேட்டாள். என் வயிறு என்று சொல்ல வாய் வந்தது. கத்தரிக்காய் என்று சொன்னேன்.

2

நான் வன்னியில் பிறந்து, வன்னியில் கலியாணம் கட்டி, யுத்தத்தில் பாதை பூட்டின காலம் முழுக்க அங்கேயே இருந்தவள். தன்னிறைவு என்ற சொல்லை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பொருளாதாரத் தடை.

சவர்க்காரம் வராது, பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெய் வராது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு நாலு சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்தோம். பற்றரி வராது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டோம். நெருப்புப்பெட்டி கிடைக்காத நாட்களில், ஒழுங்கையில் எந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்று பார்த்து, அங்கேயிருந்து சிரட்டையில் தணல் வாங்கி வந்து எங்கள் அடுப்பை மூட்டினோம்.

இதையெல்லாம் இப்போது நிவேதாவும் அவள் புருசன் ஈதனும் யூடியூப்பில் பார்த்து ஆவென்று வாயைப் பிளக்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் சாம்பலில் சவர்க்காரம் காய்ச்சுகிறான். அது சரிவராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வாங்கி வருவான். அதற்குப் பெயர் விளையாட்டு. நாங்கள் விளையாடவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இராது. ஆனபடியால் உண்மையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்த விசரை அவள் தலைக்குள் ஏற்றியவள் நான்தான். பலெர்மோவுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் பாஷை விளங்காமல் பிள்ளை அழுதுகொண்டு வருவாள். அவளைச் சிரிக்க வைக்கப் பனங்காய் நுரையையும் சைக்கிள் ரேடியோவையும் வேடிக்கைக் கதை மாதிரிச் சொன்னேன். சிரட்டையில் தணல் வாங்கின கதையை நூறு தரமாவது கேட்டிருப்பாள். பயங்கரத்தைக் கழித்துவிட்டு நான் சொன்னேன். மிச்சத்தைப் பிள்ளை நம்பிவிட்டாள்.

இப்போது அவள் பேசுகிற தமிழிலேயே பாதி சிசிலி வாசம். சாப்பாட்டுக்குத் தமிழ், சண்டைக்கு இத்தாலியன். அவளுக்கு ஊர் என்றால் நான் சொன்ன அந்தக் கதைதான். அந்தக் கதையைத் தேடித்தான் மிசூரிக்குப் போயிருக்கிறாள்.

3

எங்கள் வீடு அதே நகரத்தில் ஒரேத்தோத் தெருவில், மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. போன மாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, மனுசன் வேலை முடிந்து வரும்வரை இரண்டு மணித்தியாலம் நிலத்தில் கிடந்தவள் நான். காலில் இன்னும் நோ இருக்கிறது. படி ஏறி முடிக்கும்போதே பாதிக் கோபம் சேர்ந்துவிடும். மீதியைச் சேர்த்துத் தருவதற்கு எதிர்வீட்டு சினியோரா பீனா இருக்கிறாள். தனியாக இருக்கிற மனுசி. ஒருநாள் நான் கருவாடு பொரித்ததற்கு, 'இந்தக் கட்டடத்தில் மனிதர் வசிக்கிறார்கள்' என்று எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாள். அன்றிலிருந்து கண்டால் காலை வணக்கம். அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று பின்னேரம் என் மனுசன் தவராசாவிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறார். எனக்குப் பக்கபலமாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"இஞ்சை பாரும், மண் கறுப்பு. உதிலை எருப் போடாமலே வெங்காயம் வரும்."

"வெங்காயம் வரும். பிள்ளைப்பேறுக்கு ஆர் வருவினம்?"

நிவேதாவுக்கு இப்போது ஐந்து மாதம். மாசியில் பிள்ளை பிறக்கும். அங்கே மாசி என்றால் முழங்கால் வரை பனியாம். ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒரு மணித்தியாலம், அதுவும் தெரு திறந்திருந்தால். அட்டவணையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நிரல்கூட இல்லை. கோழிக்கூட்டுக்கு இருக்கிறது.

"அவள் படிச்ச பிள்ளை, யோசியாமல் செய்யாள்" என்றார். "ஈதனும் நல்ல பெடியன். தன் கையே தனக்குதவி எண்டு சும்மாவே சொன்னவை?"

அந்தப் பழமொழியைச் சொன்ன மனுசன் என் கண்ணில் படவேண்டும். தன் கையால் தன் முதுகைச் சொறியவே எட்டாது.

மருமகன் ஈதன் நல்ல பெடியன்தான், அதில் பிழை சொல்லமாட்டேன். அமெரிக்க வெள்ளைக்காரன், பலெர்மோவுக்கு இங்கிலிஷ் படிப்பிக்க வந்த இடத்தில் நிவேதாவைக் கண்டு கட்டினான். கையால் சோறு குழைத்துச் சாப்பிடப் பழகினான். ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் வளர்ந்த பிள்ளை. மண்வெட்டியைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடிக்கிறான். இவன் கிணறு வெட்டி, மாடு வளர்த்து, என் பிள்ளையையும் அவள் வயிற்றில் இருக்கிறதையும் காப்பாற்றப்போகிறான்.

4

நீ போய்ப் பக்கத்தில் நிற்கலாமே என்று கேட்பீர்கள். ஊரில் இருந்து தொலைபேசி எடுக்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வெளிநாடு என்றால் பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரி என்று நினைப்பு.

நான் நாள் முழுக்க வேலை செய்கிறேன், ஆனால் ஒப்பந்தத் தாளில் அரைநாள்தான் எழுதியிருக்கிறது. முன்பு நான் வேலை செய்த வீட்டுக்காரியும் அப்படித்தான் எழுதினாள், இந்தக் கிழவியின் மகனும் அப்படித்தான் எழுதினான். தாளில் வருமானம் காணாது. காணாதபடியால் குடியுரிமைக்குக் கேட்க முடியவில்லை. மகளுக்கு இத்தாலிக் கடவுச்சீட்டு, எனக்கு இன்னும் பெர்மெசோ. தங்கியிருக்கிற அனுமதிச் சீட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அதையும் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ரசீதோடு இருக்கிறேன்.

தாள் வேலைகளுக்கு உதவி செய்கிற ஓர் அலுவலகத்துக்குப் போய் அமெரிக்கா போகலாமா என்று கேட்டேன். மேசையில் இருந்த பெட்டை என் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சினியோரா, இதோடு உங்கள் சொந்த நாட்டுக்குப் போய் வரலாம். வேறு நாட்டுக்கென்றால் புது அட்டை வரட்டும்" என்றாள். எப்போது வரும் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். என் பிள்ளை பெறப்போவது சொந்த நாட்டில் இல்லையே என்றேன். "மி திஸ்பியாசே" என்றாள். மனவருத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். பதினாலு வருடத்தில் நான் ஆகக் கூடுதலாகக் கேட்ட இத்தாலியன் இதுதான். ஒருவருடைய முகத்திலும் மனவருத்தத்தை நான் கண்டதில்லை.

அதனால் சங்கதி இதுதான். மாசியில் என் பிள்ளைக்கு நோ கண்டால் நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அப்படியென்றால் யார் இருப்பது? பத்துக்குப் பத்து வாங்கின நாற்பது ஏக்கர் கறுப்பு மண்ணா?

5

ஞாயிற்றுக்கிழமை நிவேதாவோடு வீடியோவில் கதைத்தேன். இடத்தைப் பழகிப் பார்ப்பதற்கென்று அந்தக் கவுண்டியில் ஒரு மாதத்துக்கு, சக்கரத்தில் நிற்கிற வீடு மாதிரி ஒரு கரவன் வண்டி வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

"கடைசி நிரலுக்கு எத்தினை போட்டனீங்கள், அம்மா?"

"சைபர்."

"மா கெ தீச்சி?" என்றாள். என்ன கதைக்கிறாய் என்று இத்தாலியனில் கேட்கிறாள். சண்டை தொடங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

"அடுத்த வீடு தூரமா இருந்தால் நல்லம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"நிம்மதி அம்மா. ஒருத்தரும் கரைச்சல் தரமாட்டினம். எல்லாம் நாங்களே செய்வம். வன்னியிலை நீங்கள் தனிய எல்லாம் செய்யேல்லையே?"

அதோடு என் பொறுமை போய்விட்டது. இத்தனை வருடமும் கழித்துவிட்டுச் சொன்ன கதையில் கழித்த பாதியை எடுத்து வைத்தேன்.

அது பாதை பூட்டின காலம். எனக்கு இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதம். நிவேதாவுக்கு ஐந்து வயது. மனுசன் வீட்டில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு எனக்கு நோ தொடங்கியது. அடுப்பில் நெருப்பு இல்லை. பக்கத்து வளவு பூமணியுடையது. அவளுடைய மாடு வேலியைப் பிரித்து வந்து என் மிளகாய்க் கன்றுகளைத் தின்றதிலிருந்து இரண்டு வருடமாகக் கதை பேச்சு இல்லை. அதோடு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு உப்பும் நெருப்பும் வீட்டைவிட்டு வெளியே கொடுப்பதில்லை. கொடுத்தால் லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பகையாளி வீட்டில், கொடுக்கக் கூடாத நாளில், கொடுக்கக் கூடாத நேரத்தில் தணல் கேட்க நான் அனுப்பினது நிவேதாவை. கையில் சிரட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

"எனக்கு அது ஞாபகம்" என்றாள் நிவேதா. "தணல் வடிவா இருந்தது."

பூமணி தணலோடு தானும் வந்தாள். படலையைத் திறக்கும்போதே அவள் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "லட்சுமி போறதெண்டால் போகட்டும். இருந்து மட்டும் என்னத்தைக் கிழிச்சவள்?" தண்ணீர் சுட வைத்தாள். பிள்ளையை எடுத்தாள். மூச்சுக்குத் திணறிக்கொண்டு பிறந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒழுங்கை முடிவில் ஒரு வாகனம் நின்றது, அதற்கு எண்ணெய் இல்லை. அவளுடைய மடியில்தான் அவன் அடங்கினான். எனக்கு இரத்தம் நிற்காமல் போனபோது அடிவயிற்றை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தது பூமணியின் கை. என்னுடைய கை இல்லை.

"தம்பி சாமியிட்டைப் போயிட்டான் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்" என்றாள் நிவேதா.

"ஓம். போறதுக்கு முதல் நடந்ததைச் சொல்லேல்லை. உனக்குத் தன்னிறைவு வேணுமெண்டால் இதையும் சேர்த்து எடு."

அவள் அழுதாள். ஈதன் வந்து தோளைப் பிடித்ததைக் கண்டேன். நான் நிறுத்தவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"வாற வெள்ளிக்கிழமை, பொழுதுபடேக்கை, அந்தக் காணிக்கு ஆகக் கிட்ட இருக்கிற வீட்டுக்குப் போ. ஒரு பிடி உப்புக் கேள். நீ தனியப் போ. அவன் காருக்குள்ளை இருக்கட்டும்."

"ஏன் அவர் வரக்கூடாது?"

"அவனுக்குக் குடுப்பினம். உனக்குக் குடுக்கினமோ எண்டுதான் நான் பாக்கவேணும்."

6

சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு அப்போது காலை.

முதல் வீட்டில் படலையிலேயே துவக்குப் படம் போட்ட பலகையும் கயிறு கட்டாத நாயும். உள்ளே வந்தால் சுடுவோம் என்று பலகையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் திரும்பினாளாம். இரண்டாவது வீட்டில் விளக்கு எரிந்தது, டிவி கேட்டது, திரைச்சீலை ஆடியது, கதவு திறக்கவில்லை. என் பிள்ளையின் நிறத்தைப் பார்த்தார்களா, நேரத்தைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரி வாசலில் நிற்கிறாள் என்பதைப் பார்த்திருப்பார்கள். எனக்குக் கோபப்பட அது காணும்.

மூன்றாவது வீட்டில் ஒரு வயதான மனுசி திறந்தாளாம். உப்பு என்றதும் உள்ளே போய் ஒரு முழு டப்பாவைக் கொண்டு வந்து தந்து, வைத்துக்கொள், திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம்.

"பாத்தீங்களே, நல்ல சனம்" என்றாள் நிவேதா. குரலில் வெற்றி.

"அது பிச்சை. திருப்பித் தரவேண்டாம் எண்டு சொல்லுறவள் நாளைக்கு உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டாள். கேக்காத வீட்டுக்கு அவசரத்திலை நீயும் போகமாட்டாய். கொண்டுபோய்க் குடு. வெறுங்கையோடை போகாதை."

"அம்மா, இது அமெரிக்கா. இப்பிடிச் செய்தால் விசர் எண்டு நினைப்பினம்."

"நினைக்கட்டும். பனி வாறதுக்கு முதல் நினைச்சு முடிக்கட்டும்."

வைதுகொண்டுதான் போனாள், ஆனால் போனாள். அடுத்த நாள் திரும்ப எடுத்துச் சொன்னாள். கரவனுக்குள் தேங்காய் ரொட்டி சுட்டு, அந்த உப்பு டப்பாவுக்கு மேல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த மனுசி டப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே வா என்று கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறாள். எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறாள். எங்கே காணி பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவள் வருடக்கணக்காக அந்தப் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவளாம். எந்தத் தெருவுக்குப் பனி தள்ளுகிற வண்டி எப்போது வரும் என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"அந்தத் தெரு முடியிற காணிக்கு வண்டி மூண்டாம் நாள்தான் வருமாம், அம்மா. சில வருசம் அதுவுமில்லையாம். முதல் இருந்த ஆக்கள் அதாலைதான் விட்டுட்டுப் போனவையாம்."

பத்துக்குப் பத்து.

"அவவின்டை வளவுக்குள்ளை ஒரு சின்ன வீடு சும்மா கிடக்காம். பனி முடியுமட்டும் வந்து இருங்கோ எண்டவ. காணியை வசந்தத்திலை பாக்கலாம் எண்டு ஈதனும் சொல்லுறார்."

"அவள் உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே?"

"கேட்டவ. கண் சரியாத் தெரியேல்லையாம். மருந்துப் போத்தலிலை எழுதியிருக்கிறதை வாசிச்சுச் சொல்ல ஆள் வேணுமாம்."

அப்போதுதான் நான் கதிரையில் அமர்ந்தேன். அட்டவணையின் கடைசி நிரலில் போட்டிருந்த சைபரை அழித்துவிட்டு ஆறு போட்டேன். பத்தில் நாலைக் குறைத்தது முதலிரண்டு வீட்டையும் நினைத்து. என் பேரப்பிள்ளை பனிக்குள் பிறக்கத்தான் போகிறது, நான் அங்கே நிற்கப்போவதில்லை என்பதும் மாறவில்லை. ஆனால் கதவைத் தட்டினால் திறக்க ஒருத்தி இருக்கிறாள்.

7

இதோடு கதையை முடித்திருக்கலாம். நிவேதா விடவில்லை. என் வயிற்றில் பிறந்தவள்தானே.

"அம்மா, போன மாசி நீங்கள் குளியலறையிலை விழுந்து கிடக்கேக்கை ஏன் எதிர்வீட்டு சினியோராவைக் கூப்பிடேல்லை?"

"ஆரை? அவளையோ?"

"ரெண்டு மணித்தியாலம். சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட்டனீங்களே?"

"கருவாட்டுக்குக் கடதாசி ஒட்டினவளை நான் கூப்பிடுறதோ?"

"பூமணி மாமியின்டை மாடு மிளகாய்க் கன்று திண்டதெண்டனீங்கள்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா வேலைக்குப் போனால் நீங்கள் தனிய. நான் இஞ்சை இருந்து உங்களுக்குத்தான் பயப்பிடுறன். பதினாலு வருசத்திலை அந்தக் கட்டடத்திலை ஆரிட்டையாவது ஒரு பிடி உப்புக் கேட்டிருக்கிறியளோ?"

அடுப்பில் சோறு வேகிறது என்று பொய் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஒரு கிழமை அவளுக்கு எடுக்கவில்லை. அவ்வளவு கோபம். கர்ப்பிணிப் பிள்ளையைத் தெரியாத சனத்தின் வாசலுக்குத் தனியாக அனுப்பினவள் நான். எதிர்க்கதவுக்கு நாலு எட்டு. அதற்கு எனக்குக் கால் வரவில்லை. சும்மா இருந்த பீனாவையும் தவராசாவையும் மனதுக்குள் வைது தீர்த்தேன். வைது முடிந்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்துவிட்டு, குசினியில் ஒரு கிலோ உப்பு இருக்கும்போதே, கையில் ஒரு வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டினேன். உள்ளே செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. சங்கிலி கழன்றது. சினியோரா பீனா என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் உப்புத் தருவீர்களா என்று கேட்டேன். இவ்வளவு காலமும் பேசின இத்தாலியன் அந்த ஒரு வசனத்தில் தடக்கியது.

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. குசினிக்குள் இருந்து சத்தமாகக் கேட்டாள், கல்லுப்பா, தூளுப்பா?

இரண்டும் என்றேன்.